ஸ்டாட்டின் எடுத்தும் எல்டிஎல் குறையவில்லை: மருந்து ஆய்வில் சேருவது எப்படி?

உங்கள் அப்பா ஸ்டாட்டின் என்ற கொழுப்பு குறைக்கும் மாத்திரையைத் தவறாமல் எடுத்தும் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு 190க்குக் கீழே இறங்கவில்லை, புதிய மருந்து ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். ஆனால் முதலில் இதய மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இது பரம்பரையாக வரும் கொழுப்பு மிகைப்பாடா? அப்படியானால் உங்களுக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை சிடிஆர்ஐ (CTRI) என்ற அரசின் இணையப் பதிவேட்டில் காணலாம். 2007இல் தொடங்கிய இதில், 2009 முதல் பதிவு கட்டாயம். தேடல் இலவசம். 'கொலஸ்ட்ரால்' என்று மட்டும் தேடினால் பல ஆய்வுகள் தப்பிவிடும். ரத்தக் கொழுப்புக் கோளாறுகளைக் குறிக்கும் 'டிஸ்லிப்பிடீமியா' (dyslipidemia), 'ஹைப்பர்லிப்பிடீமியா' (hyperlipidemia) என்ற சொற்களையும் ஆங்கிலத்தில் இட்டுப் பாருங்கள். ஆய்வு நடக்கும் ஊர், ஆள் சேர்ப்பு இன்னும் நடக்கிறதா, வயது வரம்பு, யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்பவை ஒவ்வொரு பதிவிலும் இருக்கும். தொடர்பு எண்ணும் அங்கேயே கிடைக்கும்.

அழைக்கும்போது சமீபத்திய லிப்பிட் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் கையில் வைத்திருங்கள். பல ஆய்வுகளில் யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள்; அப்பாவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையே வரக்கூடும். பெரும்பாலும் அது அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆகவே, இப்போதைய ஸ்டாட்டின் தொடருமா என்று கட்டாயம் கேளுங்கள். தானாக நிறுத்த விடாதீர்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகள் தரும் உரிமை. சேருவதற்குப் பணம் கேட்டால், உடனே அந்த மருத்துவமனையில் ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவிடம் புகார் கொடுங்கள்.