வீட்டுத் தோட்டத்தில் புரட்டாசி, ஐப்பசியில் மொத்தமாகக் காய்க்கும் காய்களைக் கெடாமல் எப்படி வைத்துக்கொள்வது?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் கடலோரத்தில் வீடு, கொல்லையில் கத்தரி, சீனியவரை (கொத்தவரங்காய்), பாகல், தக்காளி எல்லாம் ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளுகிறது, பிரிட்ஜில் இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒருவர், "அந்த உப்புக் காற்றில் புல்லுகூட முளைக்காதே, தோட்டமா?" என்று கேட்டிருக்கிறார். ராமநாதபுரத்தை ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர் போலிருக்கிறது. சீமைக் கருவேலைத் தவிர வேறொன்றும் கண்ணில் பட்டிருக்காது. முதலில் அவருக்கு ஒரு பதில்.

எனக்கு மண்டபத்தை அடுத்த உச்சிப்புளிப் பக்கம். எங்கள் மணலில் மழைத்தண்ணீர் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். வாளி போட்டு அளவாக இறைத்தால் நல்ல தண்ணீர். மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், கிணறு போச்சு. அளவான தண்ணீரும் ஆட்டு எருவும் இருந்தால் கத்தரி கொப்பு ஒடியக் காய்க்கும்.

நீங்கள் ஆடிப்பட்டத்தில் விதை போட்டிருப்பீர்கள். காய் மிஞ்சியதும் மாடியில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்து, பூஞ்சை பிடித்துத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். இல்லையென்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

எல்லோரும் வெயில் வெயில் என்பார்கள். நம் கரையில் வத்தல் போடுவது காற்றைப் பார்த்துச் செய்கிற வேலை. நிலத்திலிருந்து வரும் கச்சான் காற்று ஈரத்தைக் குடித்துவிடும். கடலிலிருந்து வரும் கொண்டல் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். காற்று கொண்டலாகத் திரும்பிவிட்டால் எவ்வளவு சுள்ளென்று வெயில் அடித்தாலும் வத்தல் நமுத்துத்தான் கிடக்கும். புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று சும்மாவா சொன்னார்கள். அக்டோபர் மூன்றாவது வாரம் வாக்கில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அதோடு சரி. அதனால் முதல் காய்ப்பைச் சமைத்துத் தின்றுவிட்டு மிச்சத்தைக் காயவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். இங்கே தலைகீழ். புரட்டாசியில் வரும் முதல் காய்ப்பை வத்தலுக்கு ஒதுக்குங்கள். ஐப்பசியில் வருவதை அன்றன்றைக்குக் குழம்பு வையுங்கள்.

என் அம்மா கத்தரி வத்தல் போடுவதைப் பார்த்தால் நகை வேலை மாதிரி இருக்கும். முற்றாத காயாக எடுத்து நீளவாக்கில் நாலாக வகுந்து, கறுக்காமல் இருக்க உடனே புளித்தண்ணீரில் போடுவார். உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் அரை வேக்காடு. தோல் நிறம் மாறியதும் வடித்து, ஓலைப்பாயில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புவார். தார்ப்பாய் கூடாது, அடியில் வியர்க்கும். ஓலைப்பாய் கீழேயும் மூச்சு விடும். பொழுது சாயுமுன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும், பனி இறங்கினால் பகலெல்லாம் காய்ந்தது வீண். காய்ந்ததா என்று காலையில் பார்த்தால் தெரியாது. உச்சி வெயிலில் ஒன்றை எடுத்து வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில். சூடு ஆறுமுன் ஜாடியில் போட்டு மூடினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பு விஷயம் ஒன்று. வாலிநோக்கம் உப்பளம் பக்கத்தில் இருக்கிறது என்று புது உப்பை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடு கொஞ்சம் கலந்திருக்கும், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கசப்பும் தட்டும். மூட்டையில் கிடந்து நீர் வடிந்த பழைய உப்புதான் நல்லது. அம்மா அதையும் வெறும் சட்டியில் படபடப்பு அடங்கும்வரை வறுத்துக்கொள்வார்.

உடனே ஒருவர் வந்து உப்பு, ரத்தக்கொதிப்பு என்று ஆரம்பிப்பார். ஐயா, நான் தினம் மூன்று வேளை வத்தல் தின்னச் சொல்லவில்லை. கொதிப்பு இருப்பவர்கள் மருத்துவர் சொன்னபடி நடங்கள். மின்சார உலர்த்தி வாங்கலாமே என்பவர்கள் தாராளமாக வாங்குங்கள். புயல் சின்னம் என்று படகெல்லாம் கரையேறி, மீன் கிடைக்காத கார்த்திகையில் கத்தரி வத்தலும் கருவாடும் போட்ட குழம்பு ஒரு வாய் தின்றவனுக்குத்தான் இந்தப் பாடு ஏன் என்று புரியும்.

அம்மாவுக்குப் பிறகு நான்தான் போடுகிறேன். "ஆம்பளை வத்தல் காயவைக்கிறான்" என்று சொந்தத்தில் ஒரு கேலி. கேலி பண்ணுகிற வாய்தான் தீபாவளிக்கு முன்னால் சென்னையிலிருந்து போன் போடும்: "மாமா, சீனியவரை வத்தல் ஒரு கிலோ பார்சல் போட்டுவிடுங்க." ஒரு கிலோ வத்தலுக்கு எத்தனை கிலோ காய் என்று அதற்குத் தெரியுமா? பார்சல் செலவும் என் தலையில்.   

சீனியவரைக்கும் கத்தரிப் பக்குவம்தான், நார் மட்டும் எடுங்கள். பாகலை வட்டமாக அரிந்து விதை நீக்கி, வேகவைக்காமல் புளித்த மோரில் உப்புப் போட்டு ஊறவிடுங்கள். பகலில் வெயில், ராத்திரி மறுபடி அதே மோர், மோர் வற்றும்வரை. பச்சை மிளகாயும் அப்படியே, காம்பை எடுக்காமல் நுனியில் மட்டும் கீறிக்கொள்ளுங்கள். முண்டு மிளகாய் வேறு கதை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் மிளகாய், அது பழுப்பது மாசி, பங்குனியில். அதை இதோடு குழப்பாதீர்கள்.

மழைக்காலத்தில் நடுவே ஒரு நாள் நல்ல வெயில் வந்தால் ஜாடியை வெளியே கொட்டி ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

தக்காளியை மட்டும் இங்கே காயவைக்கப் பார்க்காதீர்கள். தண்ணீர்க் காய், காய்வதற்குள் புளித்துவிடும். புளி, மிளகாய் வத்தல் தூள், உப்புப் போட்டு நல்லெண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை சுருளக் கிண்டித் தொக்காக்கி வையுங்கள். ஈரக் கரண்டி போடாமல் இருந்தால் கொஞ்ச நாள் தாங்கும். அதற்கும் மேலே மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், மீன் வரும்போது அவர்கள் வீட்டிலிருந்து உங்களுக்கும் நாலு சாளை வரும்.