வாசகர் கேள்வி – பதில்: கிணற்று விஷமும் கடன் சீட்டும்

கேள்வி: கொள்ளைநோய்க் காலத்தில், கிணற்றில் விஷம் கலந்ததாகப் பழி சுமத்தி ஐரோப்பாவில் யூதர்களைக் கொன்றார்களாமே! சாவைக் கண்டு மிரண்ட கூட்டம் ஆத்திரத்தில் செய்ததுதானே?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: இன்றைய பிரான்ஸில் உள்ள ஸ்ட்ராஸ்பூர் நகரத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 1349 பிப்ரவரி 14 அன்று யூதர்களை அவர்களுடைய இடுகாட்டிலேயே மரமேடை கட்டி எரித்தார்கள். அன்றைக்கு ஊருக்குள் நோயே வரவில்லை. வந்தது சில மாதம் கழித்துத்தான்.

நோயை முந்திக்கொண்டு வந்தவை வாக்குமூலங்கள். 1348இல் சவாய் நாட்டில், சிய்யோன் கோட்டை உள்ளிட்ட இடங்களில் சித்திரவதை செய்து வாங்கியவை. அஜிமே என்ற ஜெனீவா யூத வியாபாரி சொன்னதாக எழுதியிருப்பது: அரைச் சாண் பொட்டலம், உள்ளே தைத்த தோல் பை, பையில் விஷம், வெனிஸ் கிணற்றில் கொஞ்சம், துலூஸில் கொஞ்சம். அளவும் ஊர்ப் பெயரும் இருந்தால் படித்தவர்களும் நம்பிவிடுவார்கள். நகல்கள் ஸ்ட்ராஸ்பூருக்குப் போயின.

வதந்தியை நம்பவேண்டாம், கூட்டம் கிளம்பினால் அடக்க முடியாது என்று கொலோன் நகர சபை ஜனவரியிலேயே ஸ்ட்ராஸ்பூருக்கு எழுதியது. ஸ்ட்ராஸ்பூர் சபைத் தலைவர்களும் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். கைவினைஞர் சங்கங்கள் அவர்களை இறக்கிவிட்டுப் புதுச் சபையை உட்கார வைத்தன. சில நாளில் தீ மூட்டினார்கள். அப்புறம் யூதர்களிடம் இருந்த கடன் சீட்டும் அடகுப் பொருளும் கடன் வாங்கியவர்களிடமே போய்ச் சேர்ந்தன, ரொக்கத்தைப் பங்கு போட்டார்கள். பணம்தான் யூதர்களைக் கொன்ற விஷம் என்று அந்த ஊர் வரலாற்றுக் குறிப்பே சொல்கிறது.

கேள்வி: கை கழுவும் வழக்கத்தால் யூதர்கள் குறைவாகச் செத்தார்கள், சந்தேகம் அதனால்தான் வந்தது என்கிறார்களே?
– வாசகி, பீனிக்ஸ்

பதில்: ஆதாரம் கிடையாது. யூதர்களும் சாகிறார்கள், யூதர் இல்லாத ஊரிலும் நோய் பரவுகிறது என்று போப் ஆறாம் கிளெமென்ட் 1348லேயே ஆணையில் எழுதினார். நோயைப் பரப்பும் எலித் தெள்ளுக்குக் கை கழுவுவதால் என்ன வந்தது?

கேள்வி: 1904இல் ஜோஹன்னஸ்பர்க்கில் இந்தியர்களை ஒதுக்கி வைத்த குடியிருப்பான ‘கூலி லொக்கேஷனை’ எரித்ததும் இதே கதையா?
– வாசகர், லெனேசியா

பதில்: பாதிதான். அங்கே நோய் உண்மையில் இருந்தது, யாரையும் கட்டி எரிக்கவில்லை. ஆனால் முதலில் விழுந்த 23 இந்தியர்கள் தங்கச் சுரங்கத்தில் தொற்று வாங்கி வந்தவர்கள்; பழியோ லொக்கேஷன் மேல். இடத்தை நகராட்சி ஏற்கெனவே கையகப்படுத்தியிருந்தது. குப்பை அள்ளுவது அதன் வேலை. அள்ளவில்லை என்று பிப்ரவரியிலேயே காந்தி சுகாதார அதிகாரிக்கு எழுதினார். மார்ச்சில் நோய் வெடித்தது. ஆட்களை நகரத்துக்கு வெளியே கிளிப்ஸ்புரூட்டில் கூடாரம் போட்டுக் குடியேற்றிவிட்டு லொக்கேஷனைக் கொளுத்தினார்கள். கறுப்பின மக்களை அங்கேயே, நகரத்துக் கழிவுநீர்ப் பண்ணைக்குப் பக்கத்தில், நிரந்தரமாக இருத்திவிட்டார்கள்.