காட்டு முகாமில் குதிரையோடு ஓர் இரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடபகுதிக் காடுகளுக்குக் குதிரையுடன் சென்று கூடாரமடித்துத் தங்குவதைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுள் சில இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: நாங்கள் இரண்டு குதிரைகளை ஊருக்கு வெளியே ஒரு லாயத்தில் விட்டு வளர்த்து வருகிறோம். இந்தக் கோடையில் ஷோர்-டு-ஷோர் தடத்திலுள்ள ஒரு முகாமில் இரண்டு இரவுகள் தங்க நினைக்கிறோம். அங்கே மின்சாரமோ குளியலறையோ கிடையாது என்கிறார்கள். நாங்கள் சமாளித்துக்கொள்வோம், குதிரைகளுக்கு என்னதான் இருக்கும்? (வாசகி, நோவை)

பதில்: ஷோர்-டு-ஷோர் தடம் மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள எம்பயரில் தொடங்கி, மாநிலத்தைக் குறுக்காகக் கடந்து, ஹ்யூரான் ஏரிக்கரையிலுள்ள ஆஸ்கோடாவில் முடிகிறது, நீளம் ஏறத்தாழ 220 மைல். சவாரிக்காரர்களின் முயற்சியால் 1960களில் உருவான தடம் என்பதால், குதிரை ஒரு பகலில் நடந்து சேரக்கூடிய தொலைவைக் கணக்கிட்டே அதன் முகாம்கள் அமைந்திருக்கின்றன. அவற்றில் பொதுவாக நீங்கள் காணப்போவது ஓர் அடிபம்பு, குழிக் கழிப்பறை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், ஒரு மரமேசை ஆகியவைதாம். சில இடங்களில் குதிரை கட்டும் கம்பங்களும் லத்தியைக் கொட்டத் தனி இடமும் உண்டு. லாயம் கிடையாது, தீவனம் கிடையாது, அவசரத்துக்கு ஓடி வாங்கிவரப் பக்கத்தில் கடையும் இருக்காது.

உங்கள் கவலை முதலில் தண்ணீரில் இருக்க வேண்டும். நடுத்தர உடல்வாகுள்ள ஒரு குதிரை சாதாரண நாளில் 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். வெயிலில் ஐந்து மணி நேரம் நடந்து வந்த நாளில் அதற்கு மேலும் குடிக்கும். இரண்டு குதிரைகள் என்றால் 20 லிட்டர் வாளியில் நாளொன்றுக்கு நான்கு வாளித் தண்ணீரை அடிபம்பில் அடித்து, கட்டியிருக்கும் இடம்வரை தூக்கிச் செல்ல வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இடம் பிடிக்கும்போது ஏரியின் அழகைப் பார்க்காமல் பம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, குதிரை அதைக் குடிக்கவும் வேண்டும். ஆழ்கிணற்றுத் தண்ணீரில் இரும்பு வாடை அடித்தால், வீட்டுத் தண்ணீருக்குப் பழகிய குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீர் குடிக்காத குதிரைக்குக் குடலில் தீவனம் இறுகி வயிற்று வலி வருவது அரிதன்று. பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே வீட்டு வாளியில் சிறிது ஆப்பிள் சாறு கலந்து பழக்கிவிட்டு, முகாமிலும் அதே அளவு கலந்து கொடுத்தால் புது வாடை தெரியாது. முதல் நாளுக்கான தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுசெல்வது இன்னும் நல்லது.

கேள்வி: இரவில் குதிரையை எப்படிக் கட்டுவது? மரத்தில் கட்டினால் அபராதம் என்கிறார் நண்பர். குதிரையை ஏற்றிவந்த ட்ரெய்லரில் கட்டினால் என்ன? (வாசகர், ஆன் ஆர்பர்)

பதில்: நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மரத்தோடு நேராகக் கட்டப்பட்ட குதிரை சும்மா நிற்பதில்லை. பட்டையைக் கடிக்கும், முன்னங்காலால் தரையைக் கிளறி வேரை வெளியே கொண்டுவரும், கயிறு சுற்றிச் சுற்றி மரத்தை அறுக்கும். ஒரே இரவில் ஒரு மரத்தைப் பாழாக்க ஒரு குதிரை போதும். அதனால்தான் பல முகாம்களில் இதற்குத் தடை இருக்கிறது.

அனுபவமுள்ளவர்கள் பெரிதும் நம்புவது ஹைலைன் எனப்படும் உயரக் கயிற்றை. உயிருள்ள, தொடையளவு பருமனுள்ள இரண்டு மரங்களைத் தேர்ந்தெடுத்து, பட்டை நோகாதபடி ஒவ்வொன்றிலும் அகலமான நாடாவைச் சுற்றி, இரண்டு நாடாக்களுக்கும் இடையே ஒரு கனத்த கயிற்றைக் குதிரையின் தலைக்கு மேல், அதாவது ஏழடிக்குக் குறையாத உயரத்தில், நன்றாக முறுக்கிக் கட்ட வேண்டும். குதிரையின் தலைக்கயிறு அந்த உயரக் கயிற்றிலிருந்து தொங்கும். அது மரத்தின் பக்கம் வழுக்கிச் சென்றுவிடாதபடி கயிற்றில் முடிச்சோ வளையமோ இருக்க வேண்டும். மரத்துக்கும் குதிரைக்கும் இடையே ஆறேழு அடியாவது இடைவெளி விடுங்கள். இரண்டு குதிரைகளைக் கட்டினால் ஒன்றின் பின்னங்கால் மற்றொன்றை எட்டக் கூடாது.

தலைக்கயிற்றின் நீளத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பாவம், வசதியாக இருக்கட்டும் என்று நீளமாக விட்டால் குதிரை தலையைத் தாழ்த்தி நிமிரும்போது முன்னங்கால் கயிற்றுக்கு மேலே போய்விடும். பிறகு அது மிரண்டு இழுக்க இழுக்கக் குதிகால் பள்ளத்தில் கயிறு உராய்ந்து தோல் உரியும். அந்தப் புண் ஆற வாரக்கணக்காகும். நின்ற இடத்தில் கீழே வைத்த தீவனத்தைக் குதிரையின் வாய் எட்ட வேண்டும். அதற்கு மேல் ஒரு சாண்கூடத் தேவையில்லை. முடிச்சு எதுவானாலும் ஒரே இழுப்பில் அவிழ்வதாக இருக்கட்டும். கடிவாள வாரைப் பிடித்து எதிலும் கட்டவே கட்டாதீர்கள். குதிரை பின்வாங்கினால் கிழிவது அதன் வாய்.

ட்ரெய்லரில் கட்டலாம், ஆனால் அது வண்டியோடு பூட்டப்பட்டிருக்க வேண்டும். கழற்றி நிறுத்திய ட்ரெய்லரைக் குதிரை இழுத்துக்கொண்டே போய்விடும். எடுத்துச்செல்லக்கூடிய மின்வேலியும் நல்லதுதான். வீட்டில் அந்த வேலிக்கு மரியாதை கொடுத்துப் பழகிய குதிரைக்கு மட்டும். மொத்தத்தில், இவற்றுள் எதையும் முகாமில் வைத்து முதன்முதலாகப் பழக்க முயலாதீர்கள். லாயத்துக்குப் பின்னால் இரண்டு மரம் இருந்தால் அங்கேயே கயிறு கட்டி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது முதலில் ஒரு மணி நேரம், பிறகு ஒரு பிற்பகல், பிறகு ஓர் இரவு என்று நிற்கப் பழக்கிவிட்டுப் புறப்படுங்கள். பழகாத குதிரை இரவெல்லாம் கனைத்து, கிளறி, முகாமிலுள்ள எல்லோரையும் விழிக்க வைக்கும்; அடுத்த கூடாரத்துக்காரர் உங்களிடம் காலையில் பேச மாட்டார்.

கேள்வி: குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது உண்மைதானா? அப்படியானாலும் இரவு முழுக்கக் கட்டி வைப்பது கொடுமை அல்லவா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பாதி உண்மை. குதிரையின் கால்களில் தசைநாண்களும் தசைநார்களும் சேர்ந்து மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருப்பதால், தசைக்கு அதிக வேலையின்றி அது நின்றபடியே கண்ணயர முடியும். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படித் தூங்கினால் போதும். புது இடத்தில், துணைக் குதிரை எதுவும் காவல் நிற்காதபோது, கட்டாமல் விட்டாலும்கூடச் சில குதிரைகள் படுப்பதில்லை. ஓரிரு இரவுகளை அவை தாங்கிக்கொள்ளும். நாட்கணக்கில் தங்குவதானால் கயிற்றைவிட அடைப்பு வேலியே நல்லது. தனிக் குதிரையை அழைத்துச் செல்வதைவிட இரண்டாக அழைத்துச் செல்வதும் நல்லது. அந்த அளவில் உங்கள் இரக்கம் நியாயமானதே.

கேள்வி: ஓஹாயோவிலிருந்து மிச்சிகனுக்குக் குதிரையைக் கொண்டுபோக என்னென்ன சான்றுகள் வேண்டும்? தடுப்பூசி கட்டாயமா? (வாசகர், டொலீடோ)

பதில்: மாநில எல்லையைக் கடக்கும் குதிரைக்குப் பொதுவாக இரண்டு தாள்கள் கேட்பார்கள். ஒன்று கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று. மற்றொன்று காகின்ஸ் பரிசோதனையின் முடிவு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் லீராய் காகின்ஸ் 1970களில் உருவாக்கிய இந்த இரத்தப் பரிசோதனை, குதிரைகளுக்கு வரும் தொற்று இரத்தசோகையைக் கண்டுபிடிக்கிறது. பெரிய கடி ஈக்கள் ஒரு குதிரையின் இரத்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வதால் பரவும் இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. தொற்றிய குதிரையை ஆயுள் முழுக்கத் தனிமைப்படுத்த வேண்டும், அல்லது கருணைக்கொலை செய்ய வேண்டும். பல ஊர்க் குதிரைகள் வரிசையாக நிற்கும் முகாமில் இந்தத் தாளைக் கேட்பதைத் தொல்லையாக எண்ணாதீர்கள். சான்றுகளின் செல்லுபடிக் காலத்தைப் புறப்படுவதற்கு முன் மருத்துவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொன்னாலும், கொசுவால் பரவும் கிழக்கு குதிரை மூளையழற்சிக்கான தடுப்பூசியைப் போடாமல் மிச்சிகனுக்குள் கோடையில் வராதீர்கள் என்பது என் கருத்து. இந்நோய் கண்ட குதிரைகளில் பத்துக்கு ஒன்பது இறந்துவிடுகின்றன. 2019இல் மிச்சிகனில் இது மனிதர்களையும் தாக்கியது. 10 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் உயிரிழந்தனர். குதிரைக்கு ஊசி இருக்கிறது, நமக்கு இல்லை. எனவே மாலையில் முழுக்கைச் சட்டையும் கொசுவிரட்டியும் குதிரைக்காரர்களுக்குத்தான் அதிகம் தேவை.

கேள்வி: தீவனத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டுமா? காட்டில்தான் புல் இருக்கிறதே? (வாசகி, கிராண்ட் ரேப்பிட்ஸ்)

பதில்: கொண்டுபோகத்தான் வேண்டும். குதிரையின் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை அன்றாடம் உலர்புல் தேவை. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 7 முதல் 9 கிலோ. வழக்கமாகத் தின்னும் அதே புல்லாக இருப்பது அவசியம், ஏனெனில் திடீர்த் தீவன மாற்றத்தைக் குதிரையின் குடல் பொறுப்பதில்லை, தின்றதை வாந்தி எடுக்கவும் குதிரையால் முடியாது. மேற்கு மாநிலங்களின் தேசியக் காடுகளுக்குப் போவதானால், களைவிதை இல்லாதது என்று சான்றிட்ட புல்லை மட்டுமே பல இடங்களில் அனுமதிப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட மிச்சிகனின் தரை பெரும்பாலும் மணல். புல்லைத் தரையில் போட்டால் ஒவ்வொரு வாயோடும் மணல் உள்ளே போய்க் குடலில் தங்கும். வலைப்பையிலோ அகலமான தொட்டியிலோ வைத்துக் கொடுங்கள். மேய விடும் முன் தலைக்கு மேலும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இப்பகுதியில் எங்கும் காணப்படும் சிவப்பு மேப்பிள் மரத்தின் பச்சை இலையைவிட வாடிய இலை மிகக் கொடியது. ஒன்றரை கிலோ அளவே ஒரு குதிரையின் சிவப்பணுக்களைச் சிதைத்து உயிரைப் பறிக்கப் போதுமானது. முந்தின நாள் காற்றில் ஒடிந்து விழுந்த கிளை கட்டுமிடத்தில் கிடந்தால் அதை இழுத்து அப்புறப்படுத்திய பிறகே குதிரையை இறக்குங்கள். சிறுநீர் செம்பழுப்பாகப் போனாலோ ஈறு வெளிறினாலோ மருத்துவரை அழைப்பதில் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

விறகை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். ஆஷ் மரங்களைத் துளைத்து அழிக்கும் மரகதப் பச்சை நிற வண்டு 2002இல் டெட்ராய்ட் பகுதியில்தான் முதலில் கண்டறியப்பட்டது. அது தொலைவிடங்களுக்குப் பரவியதில் விறகு ஏற்றிப்போன வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி: எங்களிடம் சொந்தக் குதிரை இல்லை. வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்த் தங்க முடியுமா? (வாசகர், லான்சிங்)

பதில்: மணிக்கணக்கில் சவாரிக்குத் தரும் இடங்கள் பெரும்பாலும் இரவு வெளியே தங்க அனுப்புவதில்லை. வழிகாட்டியோடு அழைத்துச் செல்பவர்களை நாடுங்கள்.

கேள்வி: நள்ளிரவில் குதிரை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டால் என்ன செய்ய வேண்டும்? கரடி வருமா என்றும் சொல்லுங்கள். (வாசகி, கேன்டன்)

பதில்: துரத்தாதீர்கள். குதிரை கூட்டத்தோடு வாழும் விலங்கு. துணைக் குதிரை முகாமில் நின்றால் ஓடியது பெரும்பாலும் அதைத் தேடித் திரும்பிவிடும். நிற்கும் குதிரையை இன்னும் உறுதியாகக் கட்டிவிட்டு, ஓட்ஸ் வாளியைக் குலுக்கிச் சத்தமெழுப்பிக்கொண்டு நிதானமாக நடந்து செல்லுங்கள். வீட்டில் தினமும் தீவன நேரத்தில் அதே சத்தத்தைக் கேட்டு வளர்ந்த குதிரை காதை நிமிர்த்தி நின்றுவிடும். இருட்டில் வண்டியையோ விளக்கையோ கொண்டு விரட்டினால் அது சாலையை நோக்கித்தான் ஓடும். தலைப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிய தகட்டைப் புறப்படும் முன்பே மாட்டிவிடுங்கள். விடிந்தும் வராவிட்டால் அந்த மாவட்டக் காவல் அலுவலகத்துக்குத் தகவல் கொடுப்பது வழக்கம்.

வட மிச்சிகனில் கருங்கரடிகள் உண்டு. அவை தேடி வருவது குதிரையை அல்ல, வெளியே வைத்த தானியத்தையும் உங்கள் சாப்பாட்டையும்தான். இரண்டையும் வண்டிக்குள் வைத்துப் பூட்டினால் போதும். கரடியைவிட நான் அஞ்சுவது வேட்டைக் காலத்தை. நவம்பர் 15 முதல் 30 வரை அம்மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் புதரினூடே நகரும் பழுப்புக் குதிரை மானாகத் தெரியலாம். அந்த நாட்களில் போவதைத் தவிர்ப்பதே சரி. அதையொட்டிய வாரங்களில் போக நேர்ந்தால் உங்களுக்கும் குதிரைக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஆடை போட்டு, குறிக்கப்பட்ட தடத்தை விட்டு விலகாமல் செல்லுங்கள். கிளம்பும் காலையில் லத்தியை அள்ளி உரிய இடத்தில் கொட்டி, குதிரை கிளறிய பள்ளத்தை மூடி, சிந்திய புல்லைக் கூட்டிவிட வேண்டும். ஒரு குதிரை ஒரே நாளில் 20 கிலோவுக்கு மேல் லத்தி போடும் என்பதால் நல்ல முள்வாரி ஒன்றும் தள்ளுவண்டி ஒன்றும் உங்கள் சாமான்களில் இருக்கட்டும்.