பின்னட்டையில் எழுத வேண்டியது – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை.

என்னுடைய கட்டுரைகள் பதினாறைத் தொகுத்து ஒரு சிறிய பதிப்பகத்தார் புத்தகமாகக் கொண்டுவருகிறார்கள். பின்னட்டையில் போடுவதற்கு என்னைப் பற்றி 60 சொற்களில் ஒரு குறிப்பு வேண்டும் என்று அவர்கள் கேட்டு இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. பதினாறு கட்டுரைகளை எழுதியபோது படாத பாட்டை இந்த 60 சொற்களில் படுகிறேன். ஒரு முறை எழுதினால் தற்பெருமையாகத் தெரிகிறது. அதைத் திருத்தினால் வேலைக்கு விண்ணப்பம் போட்டது போல ஆகிவிடுகிறது. கடைசியாக எழுதியதை உங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன்:

"நாமக்கல் மாவட்டத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயது முதலே வாசிப்பில் தீராத ஆர்வம் கொண்டவர். பணி ஓய்வுக்குப் பிறகு முழுநேரமாக எழுதி வருகிறார். சமூக அக்கறையும் மனிதநேயமும் இவரது எழுத்தின் அடிநாதங்கள். பல்வேறு இதழ்களில் எழுதியுள்ளார். பல பரிசுகளும் பாராட்டுகளும் பெற்றவர். தன்னை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படும் இவர், ஏதோ தனக்குத் தெரிந்ததைக் கிறுக்குவதாகவே கருதுகிறார்."

பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் இருபது ஆண்டுகள் என்னோடு வேலை பார்த்த தோழியிடம் இதைக் காட்டினேன். படித்துவிட்டு, "யாருடி இது?" என்று கேட்டாள்.

வேலையைப் பற்றி இதில் எழுதவில்லை; இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிட்டேன். நான் கொல்லிமலையில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து 2022இல் ஓய்வு பெற்றேன். 108 வண்டி வருவதற்கு முன்பெல்லாம் அங்கே வீட்டுப் பிரசவங்கள் நிறைய நடக்கும். முடியாத கட்டத்தில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு சாலைக்கு வருவார்கள். அதற்கப்புறம் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் நான் நர்சம்மாதான். என் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஒவ்வொரு பிரசவத்தையும் பதிவேட்டில் ஒரே வரியில் எழுதி முடிக்க வேண்டும், கட்டம் அவ்வளவுதான் இருக்கும். அதற்குள் அடங்காமல் மனதில் தங்கிப்போனவற்றைத்தான் இப்போது எழுதுகிறேன். சம்பந்தமில்லாமல் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

தன்னைப் பற்றித் தானே எழுதுவது முறையா? எழுதினால் 'நான்' என்று எழுதுவதா, 'இவர்' என்று எழுதுவதா? புகைப்படம் அவசியமா? நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மா,

நீட்டிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டீர்களே, அந்தப் பத்திதான் பின்னட்டைக்கு உரியது. மேற்கோள் குறிகளுக்குள் அனுப்பியதை யாருடைய புத்தகத்தில் வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம், ஒட்டியும் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அலமாரியிலிருந்து கைக்கு அகப்பட்ட பத்துப் புத்தகங்களை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வாசிப்பில் 'தீராத ஆர்வம்' நான்கு பேருக்கு இருந்தது, 'சமூக அக்கறை' ஆறு பேருக்கு. அந்தப் பத்துப் பேரில் இருவரை எனக்கு நேரில் தெரியும். குறிப்பை மட்டும் வைத்து அவர்களை அடையாளம் காண என்னால் முடிந்திருக்காது. உங்கள் தோழி கேட்ட கேள்வியை விடச் சரியான விமர்சனத்தை நான் எழுதிவிட முடியாது.

கடையில் நின்றபடி ஒரு புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிறவருக்கு அதை எழுதியவர் நல்லவரா, அக்கறை உள்ளவரா என்பது தெரிய வேண்டியதில்லை. இந்த விஷயத்தைச் சொல்லும் மனிதர் எங்கே நின்று அதைப் பார்த்தார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். மலையில் பிள்ளைப்பேறு பற்றிய கட்டுரைகளை ஒரு மானுடவியல் மாணவரும் எழுதலாம், ஒரு மருத்துவரும் எழுதலாம், அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தாயும் எழுதலாம். உங்களுடையதையும் சேர்த்தால் நான்கும் நான்கு விதமான புத்தகங்கள். உங்களுடையது பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தவரின் புத்தகம். அதைத்தான் நீங்கள் இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்கியிருக்கிறீர்கள்.

தொழிலைச் சொன்னால் இலக்கியத்தின் மதிப்புக் குறையும் என்ற எண்ணம் நம்மிடம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. சங்கப் புலவர்களிடம் அது இல்லை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற பெயரில் அவருடைய ஊரும் துணிக்கடையும் இருக்கின்றன. சீத்தலைச் சாத்தனாருக்கு முன்னால் 'மதுரைக் கூலவாணிகன்' என்று தானிய வியாபாரம் நிற்கிறது. முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனாருக்குக் காவிரிப்பூம்பட்டினமும் தகப்பனாரின் பொன் வாணிகமும் பெயரோடு சேர்ந்தே வருகின்றன. மூன்று நான்கு சொற்களில் ஊர், தொழில், பெயர் என்று முடிந்துவிட்ட இந்தக் குறிப்புகளில் ஓர் அடைமொழிகூட இல்லை. வேறொரு வகையும் உண்டு. இயற்பெயர் மறைந்துபோய், பாட்டில் வந்த தொடரே புலவரின் பெயராக நின்றுவிட்டவர்கள் அவர்கள். குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவர் செம்புலப்பெயல்நீரார், அதற்கடுத்த பாட்டைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். சம்பளப் பட்டியலுக்கு வெளியே உங்களுக்கு ஊர் வைத்த பெயரும் ஏறக்குறைய அந்த வகைதான் என்பதால், 'நர்சம்மா' என்ற சொல் உங்கள் குறிப்பில் இல்லாமல் போவது எனக்கு நஷ்டமாகப் படுகிறது.

தன்னைத் தான் எழுதுவது முறையா என்ற கேள்வியை நன்னூல் நேராகவே எடுத்துக்கொள்கிறது. பிறர் அறியாத நுட்பங்களை எல்லாம் கண்டு சொல்லிப் பல துறை நூல்களை முடித்த புலவனாக இருந்தாலும், தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகுதியன்று என்று அதை இயற்றிய பவணந்தியார் முதலில் கதவை அடைக்கிறார். ஆகவே நூலாசிரியனை அறிமுகம் செய்யும் சிறப்புப் பாயிரத்தை அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணவனோ, உரைகாரனோதான் பாட வேண்டும். ஆனால் அதற்கடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி தன்னைப் பழிக்கும் வேளையிலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். நீங்கள் நிற்பது இரண்டாவது இடத்தில். முதல் புத்தகம் எழுதுகிறவரைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அவருடைய ஆற்றலை அறியாதவர்கள்தான். ஆகவே இலக்கணத்தின் அனுமதி உங்களுக்கு இருக்கிறது. அதே நூல், பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக்கியோன் பெயரில் தொடங்கும் அந்த எட்டில் ஆசிரியரைப் பற்றியது பெயர் ஒன்றுதான். வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று மற்ற ஏழும் நூலைப் பற்றியவை. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாடிய பாயிரத்தில் தமிழ் வழங்கும் எல்லை இருக்கிறது, நூல் அரங்கேறிய பாண்டியன் அவை இருக்கிறது, அதைக் குற்றமற விளக்கக் கேட்ட அதங்கோட்டு ஆசான் இருக்கிறார். நூலாசிரியர் எந்த ஊரில், எப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தார் என்பது இல்லை. உங்கள் 'நடுத்தரக் குடும்ப'த்தை நீக்கிவிட இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்து, 'பல'. உங்கள் குறிப்பில் பல்வேறு இதழ்களும் பல பரிசுகளும் வருகின்றன. பெருமை பேசுவதற்கென்றே பிறந்த ஓர் எழுத்து வகை தமிழில் உண்டு. முதலாம் இராசராசன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் தலையில் நிற்கும் மெய்க்கீர்த்தி அது. 'திருமகள் போல' என்று தொடங்கும் அவனுடைய மெய்க்கீர்த்தி, பல நாடுகளை வென்றவன் என்று சொல்லி நகர்ந்துவிடுவதில்லை. காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி, குடமலை நாடு, கொல்லம், கலிங்கம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குகிறது. அரசனே பட்டியல் கொடுக்கும்போது நாம் 'பல' என்று சொல்லிவிட்டுப் போனால், அதைப் படிப்பவர் ஒன்றோ இரண்டோ என்றுதான் கணக்குப் போடுவார். நீங்களே மதிக்கும் ஒரு பரிசு இருந்தால் அதன் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். இல்லையென்றால் பரிசுகளையே விட்டுவிடுங்கள். பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டிகளைப் போலப் பட்டங்கள் தொடர்வதைப் பற்றியும் இதையே சொல்வேன், ஆனால் அந்தக் குற்றம் உங்களிடம் இல்லை.

அடக்கத்துக்கு வருகிறேன். ஏதோ கிறுக்குவதாகக் கருதுகிறார் என்ற கடைசி வரியை அவையடக்கம் என்று நினைத்து எழுதியிருப்பீர்கள். பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை என்று கம்பன் தன்னைச் சொல்லிக்கொண்டது அவையடக்கம்தான். ஆனால் அந்தப் பூனைக்குப் பின்னால் பத்தாயிரம் பாடல்கள் நிற்கின்றன. அந்த உவமையே எவ்வளவு பெரிய கவி பேசுகிறான் என்பதைக் காட்டிக்கொடுத்தும் விடுகிறது. நூற்றிருபது பக்கப் புத்தகம் ஒன்றின் பின்னட்டையில் 'கிறுக்கல்' என்று ஆசிரியரே எழுதிவைத்தால் வாசகர் அதை நம்பிவிடுவார். அது பணமும் காகிதமும் செலவழிக்கும் பதிப்பாளருக்குச் செய்யும் நியாயமும் இல்லை.

'நான்', 'இவர்' விவகாரத்தில் எனக்கு ஒரு சார்பு உண்டு. சிறப்புப் பாயிரத்தைப் பிறர் பாடிய மரபின் மிச்சம்தான் இந்த 'இவர்'. பாடுவதற்கு ஆள் இல்லாத காலத்தில் ஆசிரியரே பிறர் போலக் குரலை மாற்றிக்கொண்டு பேசுகிறார். கருத்தரங்க அழைப்பிதழுக்கும் நூலகப் பட்டியலுக்கும் 'இவர்' பொருத்தமானது, ஏனென்றால் அங்கே உண்மையிலேயே வேறு யாரோதான் நம்மைப் பற்றிச் சொல்கிறார்கள். ஆனால் சொந்த அனுபவத்தை எழுதிய புத்தகத்தில், உள்ளே 200 இடங்களில் 'நான்' என்று பேசியவர் அட்டையில் மட்டும் 'இவர்' ஆவதைப் பார்க்கும்போது, வீட்டுக்காரரே வாசலில் வந்து நின்று 'ஐயா உள்ளே இருக்கிறார்' என்று சொல்வது போலிருக்கிறது. பதிப்பகத்தின் வழக்கம் வேறாக இருந்தால் அதற்காகச் சண்டை போட வேண்டாம். விவரங்கள் சரியாக இருந்தால் 'இவர்' என்று எழுதினாலும் பழுதில்லை.

இன்னொன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். என்னுடைய முதல் தொகுப்பின் பின்னட்டையில், தற்போது ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார் என்றும், நாவல் ஒன்று விரைவில் வெளிவர உள்ளது என்றும் எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் அந்த வேலை போயிற்று. நாவல் இன்று வரை வரவில்லை. அந்தப் புத்தகம் மட்டும் மூன்று முறை மறுபதிப்பாகி, போகும் கூட்டங்களில் எல்லாம் அந்த நாவலைப் பற்றி என்னிடம் விசாரிக்க வைத்தது. 'தற்போது', 'விரைவில்', 'முழுநேரமாக' ஆகியவை ஊறுகாய்க்கு ஆகாத காய்கள். அவற்றுக்குப் பதில் ஓர் ஆண்டை எழுதினால் கெடாமல் இருக்கும். ஆட்சியாண்டு ஏற ஏற மெய்க்கீர்த்தியில் புதிய வெற்றிகள் சேர்ந்துகொண்டே போகும்; எந்தப் படையெடுப்பு எப்போது முடிந்தது என்று கல்வெட்டு அறிஞர்கள் கணிப்பதற்கு அதுவும் ஒரு வழி. நாமும் ஒவ்வொரு பதிப்புக்கும் குறிப்பை ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

இனி, உங்கள் கடிதத்தில் இருந்த சொற்களைக் கொண்டே ஒரு குறிப்பை எழுதிப் பார்த்தேன்:

"கொல்லிமலையில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். அங்கே என் பெயர் நர்சம்மா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில்தான் இருந்தது. ஒவ்வொரு பிரசவத்தையும் பதிவேட்டில் ஒரே வரியில் எழுத வேண்டும். அந்த வரியில் அடங்காதவற்றை 2022இல் ஓய்வு பெற்ற பிறகு எழுதத் தொடங்கினேன். இது என் முதல் நூல்."

பதிப்பாளர் 60 சொற்கள் கேட்டார். இது 40ஐத் தொடவில்லை. மீதி இடத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. நிரப்புவதானால் 108 வண்டிக்கு முந்தைய காலத்தையும் அந்த 70 வளைவுகளையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கலாம். தூளியைச் சேர்க்காதீர்கள், அது உள்ளே ஏதோ ஒரு கட்டுரையில் இருக்கும் என்று நினைக்கிறேன், வாசகர் அதை அங்கேயே சந்திக்கட்டும். நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 'சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில்தான் இருந்தது' என்பது நீங்கள் போகிற போக்கில் சொன்னது. அட்டையில் ஏறும்போது சற்றே சாமர்த்தியமாகத் தொனிப்பது போல எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது.

புகைப்படம் கட்டாயமில்லை. போடுவதானால் அடையாள அட்டைக்கு எடுத்ததைக் கொடுக்காதீர்கள். அதில் எல்லோருமே யாருக்கோ பதில் சொல்லக் காத்திருப்பது போல இருப்போம். வீட்டு முகவரி, கைப்பேசி எண், பேரப்பிள்ளைகளின் பெயர்கள் ஆகியவை அட்டைக்கு வேண்டாம். கடிதம் எழுத விரும்புகிறவர்கள் பதிப்பகம் வழியாக எழுதட்டும். உங்கள் விஷயத்தில் இன்னும் ஒரு கவனம் தேவை. நீங்கள் இருந்த துணை சுகாதார நிலையத்தின் பெயரையோ சிற்றூரின் பெயரையோ குறிப்பில் எழுதினால், கட்டுரைகளில் பெயர் மாற்றி எழுதியிருக்கும் பெண்கள் யார் யார் என்று அந்த ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். மலைப் பகுதியில் ஒரு துணை நிலையத்துக்கு ஏறத்தாழ 3,000 பேர் என்பதுதான் கணக்கு. அவ்வளவு சிறிய வட்டத்தில் யாரையும் மறைக்க முடியாது. 'கொல்லிமலை' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பவணந்தியார் சொன்ன நால்வரில் 'தன்னொடு கற்றோன்' ஒருவர் உங்களுக்குக் கைவசம் இருக்கிறார். அடுத்த வரைவை எனக்கு அனுப்புவதற்கு முன் அந்தத் தோழியிடமே காட்டுங்கள். ஏதாவது ஒரு வரியில் நிறுத்தி, "அப்படி இல்லையே, அன்றைக்கு நடந்தது வேறு" என்று அவர் தொடங்கினால், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.