குவெண்டலின் புரூக்ஸ்: கவிதை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் மேடம். அமெரிக்காவின் பெரிய பரிசான புலிட்சரை வாங்கிய முதல் கறுப்பினக் கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் என்று படித்தேன். வசதியான குடும்பமா?

இல்லைங்க. 1917-ல் கான்சாஸ் மாநிலத்தில் டொபீகாவில் பிறந்தார். சில வாரங்களிலேயே குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவுக்கு டாக்டராக ஆசை, ஆனால் கிடைத்தது கட்டடத் துப்புரவு வேலை. அம்மா முன்பு ஆசிரியை. 13 வயதில் ஒரு சிறுவர் இதழில் மகளின் கவிதை வந்தது. 1950-ல் புலிட்சர் சேதி வந்தபோது, கட்டணம் கட்டாததால் வீட்டில் கரண்ட் இல்லை. மறுநாள் கேமராக்களோடு நிருபர்கள் வருகிறார்களே என்று பயந்திருக்கிறார். நல்லவேளை, அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

கேள்வி: கவிதை எழுத யாரிடம் கற்றார்?

முதலில் அம்மாதான். 16 வயது மகளைக் கூட்டிப்போய், புகழ்பெற்ற கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் முன்னால் நிறுத்தினார். ஹியூஸ் கவிதைகளைப் படித்துவிட்டு, விடாமல் எழுதச் சொன்னார். அப்புறம் 1941-ல் இனெஸ் கன்னிங்காம் ஸ்டார்க் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பின எழுத்தாளர்களுக்காக ஒரு பட்டறை நடத்தினார். ஒருவர் கவிதையை மற்றவர்கள் தயவு தாட்சண்யமில்லாமல் அலசுவார்கள். அந்தப் பழக்கம் அவர் வரிகளில் தெரியும், ஒரு சொல்லைக்கூட உருவ முடியாது.

கேள்வி: 'வி ரியல் கூல்' கவிதையை ஆசிரியர் ஒருவர் வகுப்பில் வாசித்தார். இவ்வளவு குட்டிக் கவிதைக்கு ஏன் இத்தனை புகழ்?

மொத்தம் 24 ஆங்கிலச் சொற்கள்தான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பூல் (பில்லியர்ட்ஸ் போன்ற மேஜை ஆட்டம்) விளையாடும் ஏழு பையன்கள் பேசுகிறார்கள். 'வி', அதாவது 'நாங்க', கடைசி வரியைத் தவிர ஒவ்வொரு வரியின் முடிவிலும் தொங்கிக்கொண்டு நிற்கும். அதைத் தணிந்த குரலில் சொல்ல வேண்டும், அந்தப் பையன்களுக்குத் தங்களைப் பற்றியே உறுதியில்லை என்று புரூக்ஸ் விளக்கியிருக்கிறார். சத்தமாக வாசித்தால் வெறும் வீராப்பாகிவிடும். கடைசியில் சாவு வருகிறது, அங்கே 'நாங்க' இல்லை. பையன்களைக் கண்டிக்காமல், பரிதாபமும் காட்டாமல் கூடவே நிற்கிற கவிதை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

கேள்வி: பெரிய பதிப்பகத்தை ஏன் விட்டார்? நஷ்டம்தானே?

பணத்தைப் பார்த்தால் நஷ்டம்தான். 1945-ல் வந்த முதல் நூலிலிருந்து ஹார்ப்பர்தான் அவரைப் பதிப்பித்தது. 1967-ல் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் நடந்த கறுப்பின எழுத்தாளர் மாநாட்டுக்குப் போனார். அங்கே இளைஞர்கள் தங்கள் மக்களுக்காகவே, தங்கள் மக்களைப் பார்த்தே எழுதுவதைக் கண்டார். அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட 50 வயது. அந்த வயதில், பரிசும் பெயரும் வந்தபிறகு, இளையவர்களிடம் கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார் பாருங்கள்! சிகாகோவில் பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் என்ற தெருக் கும்பலின் இளைஞர்களுக்குக் கவிதைப் பட்டறை நடத்தினார். 1969-ல் 'ரயட்' நூலை டெட்ராய்ட்டில் டட்லி ராண்டால் நடத்திய சின்னக் கறுப்பினப் பதிப்பகமான பிராட்சைடு பிரஸ்ஸுக்குக் கொடுத்தார். மார்ட்டின் லூதர் கிங் கொலைக்குப் பிறகு சிகாகோவில் வெடித்த கலவரம் பற்றியது அது. அவர் பெயர் சேர்ந்ததே அந்தச் சின்னப் பதிப்பகங்களுக்குப் பெரிய பலம். அவருடைய வாழ்க்கையில் நான் அதிகம் மதிக்கும் முடிவு இது.

கேள்வி: அதற்கப்புறம் அரசாங்கம் ஒதுக்கிவிட்டதா?

இல்லை. 1968-லேயே கவிஞர் கார்ல் சாண்ட்பர்க்குக்கு அடுத்து இல்லினாய் மாநிலத்தின் அரசவைக் கவிஞரானார். 2000-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். பள்ளி மாணவர்களின் கவிதைகளுக்குத் தன் கைக்காசிலிருந்து பரிசு கொடுத்தார்.

கேள்வி: எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம் மேடம்?

முதல் நூலான 'எ ஸ்ட்ரீட் இன் பிரான்ஸ்வில்'. பிரான்ஸ்வில் என்பது சிகாகோவில் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. ஒண்டுக்குடித்தனம், சமையல் வாசனை, குளியலறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் இருக்கிறது. புலிட்சர் வாங்கிய 'ஆனி ஆலன்' நூலை முதலில் எடுக்காதீர்கள், மொழி இறுக்கமானது. கவிதையே பிடிபடவில்லை என்றால், 1953-ல் வந்த அவருடைய ஒரே நாவல் 'மாட் மார்த்தா' கைகொடுக்கும்.