பேசவும்

மதிப்பிற்குரிய ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க அரசியலமைப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தேன். 'கேபினெட்' என்ற சொல்லே அதில் இல்லை. பிறகு அந்த அமைச்சரவை எங்கிருந்து வந்தது? அமைச்சர்கள் ஒன்றுசேர்ந்தால் அதிபரை இறக்க முடியுமா? முடியாதென்றால் அவர்கள் வெறும் தலையாட்டி பொம்மைகள்தானே?

ஒரு வாசகன், தஞ்சாவூர்

*

அன்புள்ள தம்பி,

கைடை நம்பாமல் மூலத்தையே எடுத்துப் படித்தீர்கள் பாருங்கள், அதற்காகவே பதில் எழுத உட்கார்ந்தேன். தஞ்சாவூர்க்காரர் என்பதால் தலையாட்டி பொம்மையையும் மன்னித்துவிடுகிறேன். ஆனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்திருக்கிறீர்கள்.

அதிபரை இறக்கும் கேள்வியை முதலில் தள்ளிவிடுவோம். 1967இல் வந்த 25ஆம் திருத்தப்படி, துணை அதிபரும் துறைத் தலைவர்களில் பெரும்பான்மையினரும் சேர்ந்து 'இவரால் கடமையைச் செய்ய இயலவில்லை' என்று காங்கிரசுக்கு, அதாவது அவர்கள் நாடாளுமன்றத்துக்கு, எழுதிக் கொடுக்கலாம். அது நம்பிக்கையில்லாத் தீர்மானம் இல்லை. அங்கே அமைச்சர் என்பவர் எம்.பி.யே கிடையாது, காங்கிரசில் இருப்பவர் அந்தப் பதவியை விட்டுவிட்டுத்தான் வர முடியும். நம் மந்திரிசபையை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் குழப்பம் வரத்தான் செய்யும். தேர்வுக்கு இது போதும்.

நீங்கள் தாண்டிப்போன வரி இரண்டாம் பிரிவில் இருக்கிறது. ஒவ்வொரு துறையின் தலைமை அலுவலரிடமும் அவரவர் பணி சம்பந்தமாக அதிபர் 'எழுத்து மூலமாக' கருத்துக் கேட்கலாம். அவ்வளவுதான். கூட்டம் போடு என்று இல்லை. அரசியலமைப்பை எழுதிய மாநாட்டில் ஆலோசனை சபை ஒன்று வேண்டுமென்று மன்றாடிய ஜார்ஜ் மேசன், அது இல்லாததையும் ஒரு குறையாகச் சொல்லிக் கையெழுத்துப் போடாமலே போனார்.

முதல் அதிபர் வாஷிங்டன் முதலில் ஆலோசனை கேட்கப் போனது காங்கிரசின் மேலவையான செனட்டிடம். 1789 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை, நியூயார்க். தெற்கே இருந்த பூர்வகுடிகளோடு செய்யவேண்டிய உடன்படிக்கை பற்றிய காகிதங்களோடு, போர்ச் செயலர் நாக்ஸையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து உட்கார்ந்தார். துணை அதிபர் ஆடம்ஸ் வாசிக்கிறார். தெருவில் வண்டிச் சத்தம், ஒன்றும் காதில் விழவில்லை. ஜன்னலைச் சாத்துகிறார்கள். இதையெல்லாம் வில்லியம் மெக்லே என்ற செனட்டர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் 'ஒரு குழுவுக்கு அனுப்பிப் பார்க்கலாம்' என்றார்கள். அதிபருக்கு வந்த கோபம்! திங்கட்கிழமை திரும்ப வந்து வேலையை முடித்தார். அதற்கப்புறம் ஆலோசனை கேட்க அந்தப் படியை மிதிக்கவில்லை. தன் துறைத் தலைவர்கள் பக்கம் திரும்பினார். வெளியுறவுக்கு ஜெஃபர்சன், கருவூலத்துக்கு ஹாமில்டன், போருக்கு நாக்ஸ், சட்டத்துக்கு ராண்டால்ஃப்: நாலே பேர். 1791 நவம்பர் 26இல்தான் நால்வரையும் ஒன்றாக உட்கார வைத்தார். உங்கள் கேபினெட் இப்படித்தான் வந்தது, தம்பி. இன்றைக்குத் துறைகள் 15.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த வருடம் பிப்ரவரியில் நடந்தது. தேசிய வங்கி மசோதா அரசியலமைப்புப்படி செல்லுமா என்று வாஷிங்டன் எழுதிக் கேட்டார். ராண்டால்ஃபும் ஜெஃபர்சனும் செல்லாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த இரண்டு காகிதங்களையும் வங்கித் திட்டத்தைப் போட்ட ஹாமில்டனிடமே கொடுத்து, 'இதற்கு உம் பதில் என்ன?' என்றார். ஹாமில்டன் நீளமாக ஒரு பதில் எழுதினார். பிப்ரவரி 25இல் வாஷிங்டன் கையெழுத்திட்டார். மூன்று பேர் சொன்னதும் இன்றுவரை இருக்கிறது. யார் என்ன சொன்னார், யார் தோற்றார், எல்லாம் காகிதத்தில்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், நான் அரசு அலுவலகத்தில் உதவியாளனாக இருந்தவன். கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்புவேன். அலுவலர் பச்சை மையில் ஒரே சொல் எழுதித் திருப்பி அனுப்புவார்: 'பேசவும்'. போய் நிற்பேன். "அப்படிப் போடாதீங்க, இப்படி மாத்திப் போட்டு அனுப்புங்க" என்பார். மாற்றி எழுதுவேன், சத்தமில்லாமல் கையெழுத்து விழும். இரண்டு வருடம் கழித்துத் தணிக்கைத் தடை வந்தது. கோப்பைப் புரட்டினால் என் கையெழுத்தில் என் குறிப்பு. அவர் சொன்னது காற்றோடு போயிருந்தது. 17ஏ மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கை, ஆறு மாதம் இன்கிரிமென்ட் போயிற்று. அந்த வருடத் தீபாவளிக்கு வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை.

அதனால்தான் 'தலையாட்டிகள்' என்று நீங்கள் எழுதியதும் சுருக்கென்றது. தலையை ஆட்டினார்களா என்று கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டினார்களா என்று கேளுங்கள்.

எழுத்திலும் சூது உண்டு, சரி. 1793 ஏப்ரலில் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர் என்று செய்தி வந்தது. இதில் என்ன செய்வது என்று வாஷிங்டன் 13 கேள்விகளை எழுதி நால்வருக்கும் அனுப்பி, மறுநாள் வரச் சொன்னார். ஜெஃபர்சன் தாளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்: கையெழுத்து அதிபருடையது, வாசகம் ஹாமில்டனுடையது! படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். யார் போட்ட டிராஃப்ட் என்று முதல் வரியிலேயே மோப்பம் பிடிக்காதவன் ஒரு கிளார்க்கா? அந்த வருடக் கடைசியில் ஜெஃபர்சன் ராஜினாமா செய்தார்.

எனக்கு ராஜினாமா செய்ய வசதியில்லை. மெமோவுக்குப் பிறகு, 'பேசவும்' என்று வந்த கோப்புகளில் எல்லாம் என் குறிப்புக்கு மேல் ஒரு வரி சேர்த்தேன்: 'அலுவலருடன் நேரில் கலந்து பேசியபடி'. அவர் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடித்ததும் பச்சை மையில்தான்.