எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், வலி மட்டும் போகவில்லை: ஃபைப்ரோமயால்ஜியா கேள்வி பதில்

மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் மருத்துவராகப் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பதெல்லாம் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடம்தான்.

கேள்வி: இரண்டு வருடமாக உடம்பெல்லாம் வலி, டாக்டர். ஒருநாள் தோள், மறுநாள் இடுப்பு. எட்டு மணி நேரம் தூங்கினாலும் அடித்துப்போட்ட மாதிரிதான் எழுந்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். "உனக்கு ஒண்ணுமில்ல, சும்மா படுத்துக்கிட்டே இருக்கே" என்கிறார்கள் வீட்டில். இது ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்குமா? (வங்கி ஊழியர், திருச்சி)

இருக்கலாம். ரத்தம் நார்மலாக இருப்பதால் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. இதில் மூட்டிலோ தசையிலோ அழற்சி கிடையாது. மூளையும் தண்டுவடமும் வலியைக் கையாளும் விதம் மாறிப்போகிறது. அதனால் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி ஏறாது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. வலிக்கக் கூடாத அழுத்தம்கூட வலிக்கும். பிபி பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போதே முகம் சுளித்துக் கையை இழுத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படி ஒருவரைப் பார்த்தால், நான் அடுத்துக் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான்.

இதைக் கண்டுபிடிக்கத் தனி டெஸ்ட் இல்லை, மதிப்பெண் முறை இருக்கிறது. உடம்பை 19 இடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் தோள், மேல்கை, முன்கை, இடுப்பு, தொடை, கெண்டைக்கால், தாடை. அப்புறம் கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, நெஞ்சு, வயிறு. போன ஒரு வாரத்தில் எத்தனை இடம் வலித்ததோ அத்தனை மதிப்பெண். அடுத்து களைப்பு, தூங்கி எழுந்தும் தெளிவில்லாமை, ஞாபகமும் கவனமும் குறைவது ஆகிய மூன்றுக்கும் தீவிரத்தைப் பொறுத்துத் தலா 0 முதல் 3 வரை. கடந்த ஆறு மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1. ஆக இந்த இரண்டாம் பகுதிக்கு மொத்தம் 12.

வலி இடங்கள் 7 அல்லது அதற்கு மேல், இரண்டாம் பகுதி 5 அல்லது அதற்கு மேல் என்றால் பொருந்தும். வலி 4 முதல் 6 இடங்களில்தான் என்றால் இரண்டாம் பகுதி 9 ஆவது இருக்க வேண்டும். இடது மேல், வலது மேல், இடது கீழ், வலது கீழ், நடு என்ற ஐந்து பகுதிகளில் நான்கிலாவது வலி பரவியிருக்க வேண்டும். எல்லாம் மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 2016 இல் திருத்தப்பட்ட அளவுகோல் இது. வீட்டிலேயே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தத் தாளையே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடத்தில் வலித்தால்தான் இந்த நோய் என்று படித்தேனே?

அது 1990 முறை. ஒவ்வொருவர் விரலும் ஒவ்வொரு மாதிரி அழுத்தும் என்பது ஒரு சிக்கல், களைப்பையும் தூக்கத்தையும் அது கணக்கிலேயே எடுக்கவில்லை என்பது இன்னொன்று. 2010 இல் வந்த புதிய அளவுகோலில் அந்தப் புள்ளிகள் இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. போன மாதம் வரை நன்றாக இருந்தார். இப்போது காலையில் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை, கட்டிலை விட்டு எழுப்பிவிட வேண்டியிருக்கிறது. ஈஎஸ்ஆர் 80. இதுவும் ஃபைப்ரோமயால்ஜியாதான் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

அக்கா சொல்வதை விட்டுவிடுங்கள். 50 வயதைத் தாண்டியவருக்குச் சில வாரங்களுக்குள் இரு தோளும் இடுப்பும் இறுகிப்போய், ஈஎஸ்ஆரும் இவ்வளவு ஏறியிருந்தால் முதலில் நினைக்க வேண்டியது பாலிமயால்ஜியா ருமாட்டிகா. பெயர்தான் ஏறக்குறைய ஒன்று, நோய் வேறு. குறைந்த அளவு ஸ்டீராய்டுக்கே நல்ல குணம் தெரியும். ஃபைப்ரோமயால்ஜியாவில் ஸ்டீராய்டால் பயனே இல்லை. கிருமித் தொற்றோ வேறு நோயோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அதனால் இந்த வாரமே காட்டுங்கள். புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்குவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் நாளை வரைகூடக் காத்திருக்காதீர்கள், கண் பார்வை போய்விடும் ஆபத்து இருக்கிறது.

பொதுவாகவே காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கண்ணுக்குத் தெரியும் மூட்டு வீக்கம், படியேற முடியாத அளவுக்குத் தசை பலவீனம் இருந்தால் ஃபைப்ரோமயால்ஜியா என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கேள்வி: என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? லேபில் 9,000 ரூபாய் பேக்கேஜ் சொல்கிறார்கள்.

அவ்வளவு வேண்டாம். ரத்த அணுக்கள், ஈஎஸ்ஆர், சிஆர்பி, தைராய்டுக்கு டிஎஸ்எச், சர்க்கரை, கால்சியம், வைட்டமின் டி, தசை நொதியான சிபிகே. பெரும்பாலானோருக்கு இது போதும். தைராய்டு குறைவும், வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாவதும் இதே மாதிரி உடம்பு வலியைத் தரும், இரண்டுக்கும் மருந்து சுலபம். லூபஸ், முடக்குவாதம் போன்ற நோய்களுக்குப் பார்க்கும் ஏஎன்ஏ, ஆர்ஏ ஃபேக்டர் இரண்டையும் அறிகுறி இல்லாமல் எடுக்காதீர்கள். ஆரோக்கியமாக இருப்பவர்களில் சிலருக்கும் ஏஎன்ஏ லேசாகப் பாசிட்டிவ் வரும். அதைப் பார்த்துவிட்டு லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்) என்று பயந்துபோய் வருபவர்களைத் தேற்றி அனுப்புவதே தனி வேலையாக இருக்கிறது.

கேள்வி: எனக்கு ஏற்கெனவே முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கிறது. மாத்திரையில் வீக்கம் போய்விட்டது, சிஆர்பியும் நார்மல். ஆனால் வலி போகவே இல்லை. மருந்தைக் கூட்டலாம் என்கிறார்கள்.

கூட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், கூடவே ஃபைப்ரோமயால்ஜியாவும் இருக்குமா?" இரண்டும் சேர்ந்தே வரலாம், முடக்குவாதக்காரர்களிடம் அதிகமாகவே வருகிறது. முடக்குவாதத்தின் வேகத்தை அளக்கும் கணக்கில் தொட்டால் வலிக்கும் மூட்டுகளும், "எப்படி இருக்கிறது" என்று நீங்கள் சொல்லும் பதிலும் சேரும். வீக்கமே இல்லாவிட்டாலும் அந்த எண் ஏறிக் காட்டும். அதை மட்டும் நம்பி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை ஏற்றினால், வலி அப்படியே நிற்கும், பக்க விளைவு மட்டும் மிஞ்சும். அல்ட்ராசவுண்ட் எடுத்தால் மூட்டுக்குள் அழற்சி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கேள்வி: ஆண்களுக்கு வருமா?

வரும். பெண்களுக்கு அதிகம் என்பதால் ஆண்களிடம் இதை யாரும் யோசிப்பதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: எந்த டாக்டரிடம் போவது? ஐந்து நிமிடத்தில் எதைச் சொல்வது?

மூட்டு, தசை நோய் நிபுணரான ருமட்டாலஜிஸ்ட் நல்லது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. பக்கத்தில் இல்லையென்றால், பொறுமையாகக் கேட்கும் ஒரு பொது மருத்துவரே போதும்.

"உடம்பெல்லாம் வலிக்குது" என்று ஆரம்பித்தால் வலி மாத்திரைச் சீட்டோடு முடிந்துவிடும். "ஏழு மாதமாக, இந்த ஒன்பது இடத்தில், தூங்கி எழுந்தாலும் களைப்பு, கேஸில் பால் வைத்தது மறந்துபோகிறது" என்று சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் லெட்ரோசோல் போன்றவையும் உடம்பு வலியைத் தரும். குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இப்படிக் களைப்பைத் தரும். சிக்குன்குனியா வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்பது உண்டு.

கேள்வி: ஃபைப்ரோமயால்ஜியா என்று உறுதி செய்து அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். கூகுளில் பார்த்தால் மனச்சோர்வு மாத்திரை என்கிறது. என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரா?

இல்லைம்மா. மனச்சோர்வுக்குத் தருவது இதைவிடப் பல மடங்கு. இந்தச் சின்ன அளவு தூக்கத்தையும் வலியையும் சீராக்கத்தான். ராத்திரி படுப்பதற்குச் சற்று முன்னால் போடுங்கள், வாய் உலரும், முதல் சில நாள் காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். கண் அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கூடவே தினமும் நடை. முதல் வாரம் பத்து நிமிடம் போதும், மறுநாள் வலி கூடினால் ஐந்தாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.